வெப்ப நாட்டு வாழ்வு சுகமானதா?

மார்கழியில் சென்னைக்கு வந்து, சபைதோறும் சங்கீதம் கேட்டு, காலையில் கடற்கரையில் உலாவி, தை பிறந்ததும் குளிர்நாட்டுக்குத் திரும்பும் அன்பர்கள் விடைபெறும்போது தவறாமல் கூறும் வார்த்தை ஒன்றுண்டு. "நீங்கள் பாக்கியசாலிகள், உங்களுக்கு ஆண்டு முழுவதும் சூரியன் இருக்கிறான், பனியை வாரிக் கொட்ட வேண்டுவதில்லை, கம்பளியைச் சுமக்க வேண்டுவதில்லை, வீட்டைச் சூடாக்கப் பணம் கட்ட வேண்டுவதில்லை" என்பதே அது. அன்பினால் சொல்லும் வார்த்தையை நாம் மறுப்பதில்லை. ஆனால் சொல்பவர் மாசி பிறக்குமுன் விமானம் ஏறிவிடுகிறார். சித்திரையிலும் இங்கேயே இருப்பவர் நாம். ஆதலின், வெப்ப நாட்டில் பன்னிரண்டு மாதமும் வாழ்வது உண்மையில் சுகந்தானா என்னும் வினாவுக்கு விடை கூறும் உரிமை விருந்தாளிக்கன்று, நமக்கே உரியது.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நேயர் சிலர், இது திண்ணைப் பேச்சுக்கு உரிய பொருளாயிற்றே, பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்த வினாவுக்குப் பிறர் கூறிய விடையைக் கொண்டே ஒரு காலத்தில் நம்மை ஆளும் உரிமை நியாயப்படுத்தப்பட்டது. நாமே கூறிக்கொண்ட விடையைக் கொண்டு இன்று பல லட்சம் பேருடைய நடுப்பகல் பறிக்கப்படுகிறது. ஆதலின் சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறோம்.

முதலில் ஆண்டைப் பார்ப்போம். சென்னை நகரம் பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் பிற்பாதியில் ஒருமுறையும் ஆகஸ்டு நடுவில் ஒருமுறையும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிறான். அன்று நண்பகலில் நட்ட கம்பத்துக்கு நிழலில்லை. தையில் பகல் உஷ்ணம் 30 டிகிரிக்கு அருகில் நிற்கும். இரவில் 21 வரை இறங்கும். அதைக் குளிர் என்று சொல்லி நாமும் ஒரு போர்வையைத் தேடுவோம். வைகாசியில் பகல் 37, 38. இரவிலும் 28க்குக் கீழே இறங்குவது அருமை. கத்திரி என்று ஜனங்கள் அஞ்சும் அக்கினி நட்சத்திரம் மே மாதம் 4ஆம் தேதி அளவில் தொடங்கி 28ஆம் தேதி அளவில் முடியும் என்பது பஞ்சாங்கம். ஆனால் சூரியன் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. சென்னையின் உஷ்ணம் 45 டிகிரியைத் தொட்டது 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி; கத்திரி கழிந்துவிட்டது என்று ஜனங்கள் மூச்சு விட்ட பிறகு. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். அவ்வாறு வகுத்த பெரியோர் இக்கடற்கரையில் குடியிருந்தவரல்லர் என்பது மட்டும் நிச்சயம்.

வேனில் கழிந்தால் மழை. அதுவும் அளவோடு வருவதில்லை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே நகரம், 2019 ஜூலையில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் குடிநீர் வரவழைத்துக் குடித்தது. இந்த நான்காண்டுக் கதையை மார்கழி விருந்தாளி அறியார்.

ஆயினும் விருந்தாளி கூறுவது முற்றும் பொய்யன்று. லண்டனில் டிசம்பர் மாதத்துப் பகல் எட்டு மணி நேரங்கூட நீடிப்பதில்லை; நமக்கோ ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல். அங்கே குளிர்காலத்தில் மற்ற மாதங்களைக் காட்டிலும் ஆயிரக்கணக்கில் மிகுதியாக முதியோர் இறக்கின்றனர். கணப்புக்குக் காசில்லாத ஏழை வீட்டில் குளிர் ஒரு நோயாகவே குடிபுகுகிறது. நம் ஏழைக்கு வெட்டவெளியில் கட்டிலைப் போட்டுத் தூங்கும் இரவுகள் பல உண்டு. ஒரு வேட்டியும் துண்டும் போதும். நீர் இருந்தால் நிலம் ஓய்வதில்லை. இளநீரும் பதநீரும் நுங்கும் வெள்ளரியும் வேனிலோடு கூடவே வருகின்றன. கடற்காற்று மாலைதோறும் வருகிறது. வராத நாளில் அதைப் பற்றிப் பேசியே பொழுது போகிறது. இவையெல்லாம் உண்மை. இவற்றைச் சொல்லும்போது நமக்கும் நெஞ்சு குளிர்கிறது.

இனி, பிறர் கூறிய விடையைப் பார்ப்போம். பிரெஞ்சு தேசத்து மான்டெஸ்க்யு 1748ல் சட்டங்களைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். உஷ்ணம் மனிதனின் நரம்பைத் தளர்த்துகிறது. தளர்ந்த உடலில் தளர்ந்த உள்ளம் குடியிருக்கிறது. ஆதலின் வெப்ப நாட்டார் கோழைகளாகவும் அடிமைகளாகவும் இருப்பது இயற்கை என்று அதில் ஒரு சாஸ்திரமே கட்டினார். இவர் வேறு பல விஷயங்களில் அறிவாளி. இவ்விஷயத்தில் இவர் நட்ட விதை நெடுங்காலம் காய்த்தது. 1915ல் கூட அமெரிக்கப் பேராசிரியர் ஹன்டிங்டன், நாகரிகத்தின் உயரத்தை உஷ்ணமானியைக் கொண்டு அளந்து, தம் நாட்டுச் சீதோஷ்ணமே உலகில் உயர்ந்தது என்று கண்டுபிடித்தார்! வேறு முடிவு வந்திருந்தால்தான் நாம் வியப்போம்.

மெக்காலே துரையை நம் நேயர்கள் நன்கு அறிவர். 1834ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் சென்னையில் வந்திறங்கினார். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபு அப்போது உதகமண்டலத்தில் இருந்தார். மெக்காலே அவரைக் காணப் புறப்பட்டார். சென்னையிலிருந்து உதகைக்குப் பெங்களூர், மைசூர் வழியாகச் சுமார் நானூறு மைல். இரயில் இல்லை. அந்த நானூறு மைலையும் துரை மனிதர் தோள்களின் மேல் கடந்தார். பல்லக்கில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டே போனார். ஏழு ஆண்டுகள் கழித்து, வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றிய கட்டுரையில், வங்காளத்தார் எந்நேரமும் நீராவிக் குளியலில் கிடப்பவர்போல் வாழ்வதால் உடல் வலிவற்றவர் என்றும், ஆண்மையற்றவர் என்றும் இதே துரை எழுதினார். வங்காளத்தாரைப் பற்றி அவர் எழுதியதை அவர்கள் வரலாறே மறுத்துவிட்டது. நமக்குத் தோன்றும் கேள்வி வேறு. நானூறு மைல் தம்மைச் சுமந்த தோள்களை அவர் ஒருமுறையேனும் நினைத்தாரா? வெப்ப நாட்டில் மனிதன் உழைக்கவல்லவனா என்பதற்கு அந்தப் பல்லக்குத் தூக்கிகளைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

துரைமார் இந்த வெயிலை எவ்வாறு சகித்தனர் என்பதைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். அவர்கள் சகிக்கவில்லை, பிறரைச் சகிக்க வைத்தனர். கோயமுத்தூர்க் கலெக்டர் சல்லிவன் 1819ல் நீலகிரி மேல் ஏறினார். 1870 முதல் சென்னை ராஜதானியின் சர்க்காரே வேனிற்காலத்தில் உதகைக்குக் குடிபெயர்வது வழக்கமாயிற்று. கவர்னர், அதிகாரிகள், குமாஸ்தாக்கள், கட்டுக் கட்டாகக் காகிதங்கள் யாவும் ஏழாயிரம் அடிக்கு மேல் ஏறின. மலை ரயில் குன்னூர் வரை வந்தது 1899ல். உதகை வரை வந்தது 1908ல். அதற்கு முன் அந்தச் சுமைகளை ஏற்றியவை மாடுகளும் மனிதர்களுமே. சர்க்காரை நடத்தும் வரியைச் செலுத்திய குடியானவன் கீழே சித்திரை வெயிலில் நின்றான். மனுக் கொடுக்க வேண்டுமானாலும் மலை ஏறவேண்டும்.

சமவெளியில் தங்க நேர்ந்தவர்களுக்கு ஐஸ் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, டியூடர் என்ற வியாபாரி 1833ல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். வழியில் கரைந்தது போக மீந்ததே அங்குள்ள வெள்ளையருக்கு ஆனந்தக் கூத்தாயிற்று. சென்னைக் கடற்கரையில் அவர் வியாபாரத்துக்காக 1842ல் எழுந்த கட்டடந்தான் ஐஸ் ஹவுஸ். 1897ல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான்; இப்போது அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பனிக்கட்டியை வைத்த மண்டபத்திலிருந்து பிற்காலத்தில் அனல் பறக்கும் பேச்சு எழுந்தது என்று எண்ணி நாம் மகிழ்வதுண்டு.

ஐஸ் கிடைக்காத இடத்தில் பங்கா. வாசலுக்கு வெளியே, வெயிலிலோ தாழ்வாரத்திலோ உட்கார்ந்த ஓர் ஆள் இரவெல்லாம் கயிற்றை இழுக்க, உள்ளே துரை உறங்குவார். இழுப்பவன் அயர்ந்து தூங்கிவிட்டால் உதை விழும். அவ்வாறு உதைபட்டுச் செத்தவர்கள் உண்டு. வழக்கு வந்தபோது, செத்தவனுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது. வெப்ப நாட்டுக் காய்ச்சலால் வந்த வீக்கம். சிறு அடியிலேயே வெடித்துவிட்டது. ஆதலின் இது கொலையன்று என்று வாதித்துச் சொற்ப தண்டனையோடு தப்பியவர்கள் பலர். அக்காலத்து இந்தியப் பத்திரிகைகள் இத்தகைய தீர்ப்புகளைக் கண்டு குமுறின. உயிரைப் பறித்தது பூட்ஸ் கால், பழி சீதோஷ்ணத்தின்மேல்.

அந்தக் காய்ச்சலுக்கும் சீதோஷ்ணம் நேர்க் காரணமன்று. மலேரியா என்ற பெயருக்கே கெட்ட காற்று என்பது பொருள். 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து அந்நோயின் கிருமியைக் கண்டார். கெட்டது காற்றன்று, தேங்கிய தண்ணீரும் அதில் முட்டையிடும் கொசுவுமே என்பது விளங்கிற்று. இங்கிலாந்திலேயே கென்ட், எஸ்ஸெக்ஸ் சதுப்புகளில் இக்காய்ச்சல் பலரைக் கொன்றதுண்டு. சதுப்பு வடிந்தது, மருந்து கிடைத்தது, வீடு திருந்தியது, நோயும் மறைந்தது. அவர்கள் வானம் மாறவில்லை. வெப்ப நாட்டின் குற்றம் என்று சொல்லப்பட்டவற்றில் எத்தனை உண்மையில் சாக்கடையின் குற்றம், கூலியின் குற்றம், கஜானாவின் குற்றம் என்று ஒருவர் கணக்கிட்டால் நன்று.

இந்த அவமதிப்புக்கெல்லாம் நம்மவர் செயலிலேயே விடை சொன்னார்கள். 1930ல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து உப்பு எடுத்தது சித்திரை மாதத்தில். ஏப்ரல் 13ல் புறப்பட்டு 28ல் சேர்ந்தார்கள். வெயில் அடிமைத்தனத்தை வளர்க்கும் என்ற சாஸ்திரத்தை அந்த நடை மிதித்துவிட்டது.

ஆனால் சொல்லால் விடை கூறியபோது நம்மவர் சிலர் ஒரு தவறு செய்தனர் என்பது நம் கருத்து. பிறன் நம் வெயிலைப் பழித்தான் என்பதற்காக, வெயிலே இல்லை என்பதுபோல் பேசத் தலைப்பட்டனர். "எங்களுக்கு இது பழகிவிட்டது" என்ற வார்த்தை அப்போது மானத்தோடு சொல்லப்பட்டது. அவ்வார்த்தை இன்று இடம் மாறிவிட்டது. வெயிலில் நிற்பவன் தன்னைப்பற்றிச் சொன்ன காலம் போய், நிழலில் நிற்பவன் வெயிலில் நிற்பவனைப்பற்றிச் சொல்லும் வார்த்தையாகிவிட்டது. மாடிக் கட்டடம் எழுப்பும் இடத்தில், பகல் இரண்டு மணிக்குச் சித்தாள் பெண் தலையில் கலவைச் சட்டியோடு ஏணி ஏறுகிறாள். அம்மா களைத்திருக்கிறார்களே என்று நாம் ஒருமுறை மேஸ்திரியைக் கேட்டோம். "அவங்களுக்குப் பழக்கந்தான் ஐயா" என்றார் அவர். குடை அவர் கையில் இருந்தது.

பழக்கம் என்பது பொய்யன்று. வெயிலில் வேலை செய்யத் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் உடல் திருந்திக்கொள்கிறது. வியர்வை விரைவில் சுரக்கிறது. அதில் உப்புக் குறைகிறது. ஆனால் அந்தப் பழக்கம் தண்ணீர், உப்பு, இளைப்பாறல் மூன்றையும் கேட்கிறது. அதற்கு ஓர் எல்லையும் உண்டு. அவ்வெல்லையை நம் வீட்டு மண்பானையைக் கொண்டே விளக்கலாம். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்கிறது. உள்ளே நீர் குளிர்கிறது. நம் தேகமும் வியர்வையால் இவ்வாறே குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி உஷ்ணம் நீங்கும். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. வேலூரில் 42 டிகிரி வறண்ட வெயிலில் பானைத் தண்ணீர் பல் கூசக் குளிர்ந்திருக்கும். சென்னையில் 36 டிகிரிப் புழுக்கத்தில் அதே பானை வெதுவெதுப்பாகவே நிற்கும். பானை குளிராத நாளில் உடலும் குளிராது.

விஞ்ஞானிகள் உஷ்ணமானியின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றி அளப்பது இதற்காகவே. அவ்வாறு அளக்கும் உஷ்ணம் 35 டிகிரியானால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரனும் சில மணி நேரத்தில் மடிவான் என்று 2010ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2022ல் அமெரிக்காவில் இளைஞர்களைக் கொண்டு சோதித்தபோது, ஈரம் மிக்க காற்றில் 31 டிகிரி அளவிலேயே உடல் சமாளிக்க முடியாமற் போவது தெரிந்தது. வயிறார உண்ட, வியாதியற்ற இளைஞர்களின் கணக்கு இது. அறுபது வயது மூட்டை தூக்கியின் கணக்கு எங்கே நிற்கும்? 2010 மே மாதத்தில் ஆமதாபாத் நகரில் வழக்கமான சாவுக்கு மேல் 1,344 பேர் இறந்தனர். பழகாதவர்களா அவர்கள்? அந்நகரம் அதிலிருந்து பாடம் கற்று 2013ல் வெப்பத்தை எதிர்கொள்ளத் திட்டம் வகுத்தது. நம் நாட்டில் பிற நகரங்கள் அதைப் பார்த்தே தொடங்கின. பூமி முழுவதும் சூடேறி வரும் காலம் இது. அந்த எல்லையை நாம் நெருங்குகிறோமேயன்றி விலகவில்லை.

வீடுகளைப்பற்றி நீட்டிப் பேச இங்கு இடமில்லை. முற்றமும் தாழ்வாரமும் திண்ணையும் நாட்டு ஓடும் போய், காங்கிரீட் தளம் வந்தது. பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவெல்லாம் உமிழ்கிறது. பணமுள்ளவர் குளிர்சாதன யந்திரம் வைக்கிறார். அது அவர் அறையின் சூட்டை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. அந்த யந்திரத்தின் பிறப்பிலும் ஒரு வேடிக்கையுண்டு. 1902ல் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சகமொன்றில் ஈரத்தால் காகிதம் நெளிந்து வர்ணம் விலகியது. அதைத் தடுக்கவே கேரியர் என்ற இஞ்சினியர் அதை அமைத்தார். மனிதனுக்காக அன்று, காகிதத்துக்காக! நம் கோவை நூற்பாலைகளில் இதற்கு நேர்மாறு. நூல் அறாதிருக்க வேண்டுமென்று காற்றில் ஈரத்தை ஏற்றுகிறார்கள். நூல் பிழைக்கிறது, நூற்பவன் வேகிறான். சிங்கப்பூரை நிறுவிய லீ குவான் யூ, வெப்ப நாட்டில் முன்னேற்றத்துக்கு வழி திறந்தது குளிர்சாதனமே என்று வெளிப்படையாகச் சொன்னவர். தாம் பதவியேற்றதும் அரசாங்க அலுவலகங்களில் முதற்கண் அதைப் பொருத்தியதாகவும் சொன்னார். கட்டடத்துக்குள் இருப்பவரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. கட்டடத்தைக் கட்டியவருள் தமிழரும் பலர் உண்டு. அவர்கள் வெளியே இருந்தார்கள்.

நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது உப்பளத்தைப்பற்றி. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. அதில் தூத்துக்குடிக்கே முதலிடம். மாசி, பங்குனியில் தொடங்கி மழை வரும்வரை அங்கே வேலை. விடியுமுன் பாத்தியில் இறங்குகிறார்கள். காலுக்கடியில் செறிந்த உப்பு நீர்; தலைக்கு மேல் சூரியன்; சுற்றிலும் வெள்ளை வெளேரென்ற உப்பு அந்தச் சூரியனைக் கண்ணுக்குள் திருப்பி அடிக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமில்லை. பெண்கள் உப்பை வாரித் தலையில் சுமந்து கரையில் குவிக்கிறார்கள். ஒதுங்க மறைவிடம் இல்லாமையால் தாகமிருந்தும் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கழிப்பவர்கள் அவர்களுள் பலர். அதன் பலன் சிறுநீரகத்தில் வந்து சேருகிறது. வெயிலில் உழைக்கும் பெண்களின் கர்ப்பத்துக்கு என்ன நேர்கிறதென்று தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வேலையிடத்தில் கடும் வெப்பத்துக்கு ஆளானவர்களுக்குக் கரு கலையும் அபாயம் இரு மடங்கு என்று அது கூறிற்று. இதைப் படித்தபின்பும் பழகிவிட்டது என்று சொல்ல எவர்க்கேனும் நாவெழுமோ?

ஆனால் இவர்களிடம் சென்று, வெயில் குறைந்து வானம் மூடினால் சுகந்தானே என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்பார்கள். மழை வந்தால் பாத்தி கரையும், வேலை நிற்கும், அடுப்பு அணையும். அம்மாதங்களுக்காகக் குடும்பத்துக்கு ரூ. 5,000 நிவாரணமென்று 2022 முதல் சர்க்கார் கொடுத்து வருகிறது. பனையேறியின் கதையும் இதுவே. பதநீர் சுரப்பது வேனிலில்தான். கருவாடு காய்வதும், செங்கல் காய்வதும், சிவகாசியில் தீக்குச்சி காய்வதும் வெயிலால். எந்தச் சூரியன் இவர்கள் உடலைத் தின்கிறானோ அவனே இவர்களுக்குச் சோறு போடுகிறான். நமக்குச் சுகமான நாள் இவர்களுக்குப் பட்டினி நாள். ஆதலின் வெப்ப நாட்டு வாழ்வு சுகமா என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. மார்கழி அன்பர் எவரைப் பாக்கியசாலி என்றார்? நம்மைத்தான், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவருக்குக் காப்பி கொடுத்தவர்களைத்தான். பங்காக் கயிறு போய்விட்டது. கயிற்றின் வெளிப்புறம் உட்கார்ந்தவன் போய்விடவில்லை.

இதற்கு என்ன செய்வது? 2024ல் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ. 4 லட்சம் என்று உத்தரவிட்டது. வரவேற்கிறோம். ஆனால் அது செத்தபின் வரும் பணம். பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள் என்று கோடைதோறும் அறிவிப்பு வருகிறது. அது வீட்டில் இருக்க வசதியுள்ளவருக்குச் சொல்வது. 2025ல் சென்னை மாநகராட்சி, வீடு வீடாகப் பண்டம் கொண்டு சேர்க்கும் இளைஞர்களுக்கென அண்ணா நகரில் குளிர்ந்த ஓய்வறை திறந்தது. நல்ல காரியம், முன்னாளில் தர்மவான்கள் வைத்த தண்ணீர்ப்பந்தலின் புது உருவம். ஆனால் ஓய்வறையில் உட்கார்ந்த நேரத்துக்கு அவர்களுக்குக் கூலியில்லை.

கேரளத்தில் ஆண்டுதோறும் கோடையில் 12 மணி முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலையை நிறுத்தித் தொழில் இலாகா உத்தரவிடுகிறது. நம்மவர் ஆயிரக்கணக்கில் உழைக்கும் கத்தார் நாட்டில் 2021 முதல், ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடு வரை, காலை 10 மணிக்கு மேல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. வெப்பம், ஈரம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் குறியெண் 32.1ஐத் தாண்டினால் எந்த மணியாயினும் வேலையை நிறுத்தவேண்டும். எத்தனை சவப்பெட்டிகள் ஊர் திரும்பியபின் அங்கே இச்சட்டம் வந்தது என்பது வேறு கதை. சிங்கப்பூரில் 2023 முதல், இத்தகைய குறியெண் 32ஐ எட்டினால் கடும் உழைப்பாளிக்கு மணிக்குப் பத்து நிமிஷமாவது ஓய்வு தரவேண்டும். மன்னர் ஆளும் பாலைவனத்தில் எழுதிய சட்டத்தை, மக்கள் ஆளும் தமிழ்நாட்டில் எழுத முடியாதா?

எழுதலாம், ஆனால் எழுதும்போது ஒரு விஷயத்தில் ஏமாறக்கூடாது. கேரள முறையில் காலை 7க்கும் மாலை 7க்கும் இடையே எட்டு மணி வேலை முடியவேண்டும். நடுவில் மூன்று மணி நேரம் நிழலில்லாத வேலையிடத்தில் தொழிலாளி எங்கே போய்ப் படுப்பான்? வீடு பத்து மைலுக்கு அப்பால் இருக்கிறது. பாத்திக் கணக்கில், மூட்டைக் கணக்கில், செங்கல் கணக்கில் கூலி பெறுகிறவனுக்கு ஓய்வு என்பது கூலி வெட்டு. அத்தகைய ஓய்வை அவனே வேண்டாமென்பான்; அவன் மறுப்பைக் காட்டி, பார்த்தீர்களா, அவர்களுக்குப் பழகிவிட்டது என்பார் முதலாளி. ஆதலின் ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்பது சட்டத்தின் முதல் வரியாக இருக்கவேண்டும். கீற்றுப் பந்தல், குடிநீர், பெண்களுக்கு மறைவிடம் மூன்றும் அடுத்த வரி.

மேடைகளில் பேசும் தொண்டர்களையும் தொழிற்சங்கத்தாரையும் நாம் வேண்டுவது இது. அடுத்த கத்திரிக்கு முன் ஒரு நாள், கூட்டம் போடாமல், கொடி எடுக்காமல், பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் உப்பளத்துக்கோ செங்கற்சூளைக்கோ சென்று மூன்று மணி வரை அவர்களோடு நில்லுங்கள். ஒருவர் எத்தனை சட்டி சுமந்தார், எத்தனை முறை நீர் குடித்தார், அந்த மூன்று மணி நேரத்தில் எத்தனை ரூபாய் சம்பாதித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ரூபாயை யார் கொடுப்பது என்பதில்தான் சட்டம் நிற்கிறது. குறிப்புகளை எமக்கு அனுப்பினால், தொகையைக் கூட்டிச் சட்டசபை கூடும் நாளில் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.